வட்டப்பாறை ஆயாவின் பெருவிரல்

1951 மார்ச் பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை, கொட்டகலைக்கு மேலே வட்டப்பாறைத் தோட்டத்து ஆபீசில் ஆயா காளியாயியின் வலது பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தியபோது, விழுந்தது அவளுடைய ரேகை அல்ல. மூன்று மாதக் கைக்குழந்தையின் ரேகை. ஒரு மொச்சைக் கொட்டை அளவுகூட இல்லை. பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி மைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், விரலைச் சீமெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னார், மறுபடி அழுத்தினார். இந்த முறை விழுந்தது இரண்டு வயதுப் பிள்ளையுடையது. மூன்றாவது முறை வேறொரு கைக்குழந்தை. நான்காவது முறை விழுந்தது கொஞ்சம் பெரிய விரல், அதன் நடுவே குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு. மருந்து ஐயா ஜோர்ஜ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்பது வயதுப் பெண்பிள்ளையுடையதாக இருக்கும் என்றார். அன்றைக்கு மழை என்பதையும், காலைப் பெரட்டுக்கு வந்து நின்ற ஆள் குறைவு என்பதையும், கோதுமை மாவு இன்னும் வந்து சேரவில்லை என்பதையும் நாட்குறிப்பில் எழுதிய கிளாக்கர், அதே பேனாவால் இதையும் எழுதினார்: "ஆயாவின் ரேகை நிலையாக இல்லை." காளியாயி அந்தத் தழும்பைப் பார்த்தாள். வெளியே வந்து, ஆபீஸ் வாசல் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராக்களில் பிள்ளை பார்க்கிற ஆயாக்கள், பிரசவம் பார்க்கிற மருத்துவச்சிகள், சித்தம் கலங்கியவர்களுக்குத் துணையிருக்கிறவர்கள் எல்லோரும் பதிய வேண்டும். பேர், முன்னால் இருந்த தோட்டம், நடத்தை, கைரேகை எல்லாம் கொழும்புக்குப் போகும். அங்கே விசாரித்துக் குற்றமில்லாதவர் என்று கண்டால் ஒரு வருஷத்துக்குப் பத்திரம் வரும். பத்திரம் இல்லாதவள் பிள்ளையைத் தொடக் கூடாது. நல்ல சட்டம்தான், யார் இல்லையென்றது? பெற்றவள் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது அவள் பிள்ளை யார் மடியில் கிடக்கிறது என்று கேட்பதில் என்ன தப்பு? ஆனால் பிறந்து வளர்ந்த மண்ணிலேயே 'நீ யார், அத்தாட்சி காட்டு' என்று லயத்து வீடு வீடாக ஆட்களைக் காகிதத்துக்கு அலையவிட்டிருந்த காலம் அது. காகிதம் என்றாலே பாதிப் பேருக்குப் பயம். காளியாயியின் பயம் அதனால் அல்ல. மற்றவர்கள் அந்தச் சட்டம் தங்களைத் தவறாகப் பிடித்துவிடுமோ என்று பயந்தார்கள். அவள் ஒருத்திதான், அது தன்னைச் சரியாகப் பிடித்துவிடும் என்று பயந்தாள்.

அவள் பேர் காளியாயி அல்ல, அம்மாக்கண்ணு. 1943இல் கினிகத்தேனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆயாவாக இருந்தாள். அங்கே பிள்ளைக்காம்பரா உத்தரத்திலிருந்து தாய்மார்களின் பழைய சேலைகள் தொட்டிலாகத் தொங்கும். ஆயாக்கள் பிள்ளைகளை எண்ணுவதில்லை, கனத்துத் தொங்குகிற சேலைகளை எண்ணுவார்கள். எட்டிப் பார்த்தால் பிள்ளை விழித்துவிடும், ஒன்று விழித்தால் எல்லாம் விழித்துவிடும், அதற்காக வந்த வழக்கம் அது. ஆடி மாதத்து அடைமழையில் ஒருநாள் பத்தொன்பது சேலைகள் கனத்துத் தொங்கின. எண்ணிவிட்டு அடுப்போரம் சாய்ந்தாள், கண் அசந்துவிட்டது. பத்தொன்பதாவது சேலையில் இருந்தது ஒரு ஈரக் கம்பளி. வீரம்மாவின் மகள் லெட்சுமி, ஒன்றரை வயது, தாழ்ந்து தொங்கிய தொட்டிலிலிருந்து இறங்கி வாசலைத் தாண்டிப் போய், மழைத்தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடிய கானில் விழுந்துவிட்டது. அந்த வடிகாலின் கீழ் வளைவில்தான் எடுத்தார்கள். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் அந்தப் பிள்ளை செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து விளையாடி வலது பெருவிரலில் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டவள் அம்மாக்கண்ணு.

துரை அவளைத் தோட்டத்தைவிட்டு விலக்கினார். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குப் பற்றுச்சீட்டு கொடுப்பார்கள். அது இல்லாமல் எந்தக் கங்காணியும் பேர் பதிய மாட்டான். அவளுடைய சீட்டின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: "பிள்ளைகளை இவள் பொறுப்பில் விடக் கூடாது." அதே வாரத்தில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்காள் காளியாயி, வட்டப்பாறைக்குப் போவதற்குச் சீட்டு வாங்கி வைத்திருந்தவள், காய்ச்சலில் கண்ணை மூடினாள். ஒருத்தியைப் புதைத்த கையோடு இன்னொருத்தி அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள். சொந்தச் சீட்டை எரித்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். உலகத்தில் அவள் பேர் எழுதியிருந்த காகிதம் அது ஒன்றுதான்.

வட்டப்பாறையில் அவள் கொழுந்து எடுத்தாள், பிள்ளைக்காம்பரா இருந்த பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. 1945இல் பழைய ஆயா நோயில் விழுந்தபோது, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா, முழங்கால் வீங்கிக் கிடந்த காளியாயியை ஒரே ஒரு வாரத்துக்கு அங்கே போய் உட்காரச் சொன்னார். வேண்டாமென்று கும்பிட்டாள், காலில் விழுந்தாள், அவர் கேட்கவில்லை. உள்ளே போனதும் முதல் வேலையாகத் தொட்டில்களை அவிழ்த்துப் பிள்ளைகளைப் பாயில் வரிசையாகக் கிடத்தினாள். பிறகு ஒவ்வொரு நெற்றியிலும் பெருவிரலை வைத்து அழுத்தி எண்ணினாள். இருபத்தாறு. சற்று நேரம் கழித்து மறுபடி இருபத்தாறு. பெருவிரல் பட்ட பிள்ளை அழுகையை நிறுத்தியது, காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு வேர்த்தது. ஒரு வாரம் ஆறு வருஷமாகிவிட்டது, அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை, ஒரு பிள்ளைக்கு முழங்கால்கூடச் சிராய்க்கவில்லை. தேயிலை ஸ்டோரில் தன் கூட்டாளியை மெஷின் இழுத்துக்கொண்டதைப் பார்த்ததிலிருந்து முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதாக அலறிக்கொண்டிருந்த அந்தோனிமுத்துவையும் கொண்டுவந்து விட்டார்கள். அவன் நெற்றியிலும் விரலை வைத்தாள், மறுநாள் பெரட்டு வரைக்கும் அடங்கி இருந்தான். அவள் இல்லாவிட்டால் அவனைக் கொழும்புப் பைத்திய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று ஜோர்ஜ் ஐயா சொல்லிக்கொண்டிருந்தார்.

அனுப்பிய நான்கு ரேகைகளுக்கும் எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இவை நான்கு வெவ்வேறு ஆட்களுடையவை. நால்வர் பேரிலும் எந்தக் குற்றமும் இல்லை. ஆகவே பத்திரம் வழங்கப்படுகிறது. கணேசமூர்த்தி அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். அரசாங்கமே ஒப்புக்கொண்டதை மறுத்துப் பேசத் தோட்டத்துக் கிளாக்கருக்கு என்ன தலையெழுத்து? அடுத்த மார்ச்சில் பன்னிரண்டு முறை அழுத்தினார். பதினொன்று பிள்ளைக்காம்பராவில் அப்போது தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுடையவை. பன்னிரண்டாவது தழும்பு ரேகை. பெரிதாக இருந்ததால் ஆயாவுடையது என்று வைத்துக்கொள்ள அதுதான் வசதி என்று முடிவுசெய்து, அதற்கு நேரே "காளியாயி" என்று எழுதினார். 1953இல் அந்தோனிமுத்துவின் விரலும் விழுந்தது. அதை மட்டும் ஆண்பிள்ளை என்று எழுதிக் கொழும்பு திருப்பி அனுப்பியது.

ஆபீசுக்கு அது ஒரு வேலை, முடிந்தது. காளியாயிக்கு அந்த நாள் வருஷம் முழுக்க இருந்தது. தை பிறந்ததும் சோறு இறங்காது. தழும்பு ரேகை ஒவ்வொரு மார்ச்சிலும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. கிளாக்கர் குறிப்புப் பத்தியில் "வளர்கிறது" என்று எழுதிவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போய்விடுவார். அவளால் போக முடியாது. இருந்திருந்தால் பத்து வயது, பதினொரு வயது, இந்த வருஷம் பெரிய மனுஷியாகியிருப்பாள் என்று அவள் மனம் எண்ணிக்கொண்டே இருக்கும். பிள்ளை தன் தோலுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டு வளர்கிறது, சாட்சி சொல்லத் தெரிகிற அளவு வளர்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பினாள். 1955இல் மார்ச்சுக்கு முந்தின வாரம் பெருவிரலை அம்மியில் தேய்த்தாள். தோல் போய், ரத்தம் வந்து, விரல் வீங்கியது. துணி சுற்றிய விரலைப் பார்த்த கிளாக்கர், "என்னா ஆயா, வெரல அம்மியில போட்டு அரைச்சியா?" என்று கேலி செய்தார். அவள் விரலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். துணியை அவிழ்த்து அழுத்தினார்கள். உரிந்த விரலிலிருந்து ஒரு கோடு குறையாமல் தழும்பு ரேகை விழுந்தது.

1957இல் அவள் ஓடிப்போகப் பார்த்தாள். ஒரு பகல் பிள்ளைகளை ஜோர்ஜ் ஐயாவின் மனைவி மரியநாயகியிடம் ஒப்படைத்துவிட்டு, துணிமூட்டையோடு கொட்டகலை ஸ்டேஷனுக்கு நடந்தாள். எங்கே போவதென்று தெரியாது, போய்விட வேண்டும், அவ்வளவுதான். ரயில் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தவளுக்கு, காலையில் எண்ணியது இருபத்தெட்டா இருபத்தொன்பதா என்று சந்தேகம் வந்துவிட்டது. பெருவிரல் விண்விண்ணென்று தெறித்தது. காலைக் கீழே இறக்கினாள். மேடெல்லாம் மூச்சிரைக்க ஓடி ஏறி, பிள்ளைக்காம்பராவுக்குள் விழுந்து எண்ணினாள். இருபத்தொன்பது. "என்னாங்க காளியாயி, பேய் அடிச்ச மாதிரி வர்றீங்க?" என்று மரியநாயகி கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லீங்கம்மா, மழை வர்ற மாதிரி இருந்திச்சு" என்றாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அதற்குப் பிறகு அவள் தோட்டத்து எல்லையைத் தாண்டவில்லை.

1959இல் தழும்பு ரேகையில் மெல்லிய கருப்பு வெடிப்புகள் தென்பட்டன. கொழுந்து கிள்ளுகிறவர்களின் பெருவிரலில் கறை ஏறி விழுகிற வெடிப்புகள் அவை. காளியாயி மலைக்குப் போவதை நிறுத்திப் பதினான்கு வருஷமாகியிருந்தது. குறிப்புப் பத்தியில் கணேசமூர்த்தி "வேலைக்குப் போகிறது" என்று எழுதினார்.

1964இல் சட்டம் இறுகியது. எங்கேயோ ஒரு தோட்டத்தில் பத்திரம் வைத்திருந்த ஒருத்தி பிள்ளைகளை அடித்துப்போட்டாளாம். இனிமேல் ரேகை மட்டும் போதாது, முன்பிருந்த தோட்டத்திலிருந்து எழுத்தும், அவளை அந்தக் காலத்தில் தெரிந்த ஒரு சாட்சியும் வேண்டும். கிளாக்கர் கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டத்துக்கு எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது: "எங்கள் தோட்டத்துக் காளியாயி 1943இல் காய்ச்சலில் இறந்து அடக்கமானாள். நீங்கள் கேட்பது யாரை என்று தெரியவில்லை. விசாரணைக்கு ஒரு சாட்சியை அனுப்புகிறோம். அந்தக் காலத்து ஆட்களில் இங்கே மிஞ்சியிருப்பவள் இவள் ஒருத்திதான்." கணேசமூர்த்தி கடிதத்தை உரக்கப் படித்தார். சாட்சியின் பேரை அவர் படித்தபோது காளியாயிக்குக் காது அடைத்துக்கொண்டது. வீரம்மா.

விசாரணைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் அவள் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கவில்லை. ஜெயிலுக்கு அவள் பயப்படவில்லை. பயமெல்லாம் இரண்டே இரண்டு: தான் போய்விட்டால் இந்த முப்பத்தொரு நெற்றிகளையும் யார் எண்ணுவார்கள் என்பது ஒன்று, வீரம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது இன்னொன்று. இருபத்தொரு வருஷத்துக்கு முன்பு கானோரம் அந்தத் தாய் அடித்த கூச்சலுக்கு அவள் நின்று முகம் கொடுக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள்.

விசாரணை நாள் காலையில் கொழும்பிலிருந்து வந்த சிங்கள அதிகாரி ஆபீஸ் மேசையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட, நல்ல மனுஷன் போலத் தெரிந்த ஒருவர். அவர் சிங்களத்தில் கேட்டதைக் கிளாக்கர் தமிழில் சொன்னார். மேசையில் பதிமூன்று வருஷத்துக் கோப்பு இருந்தது. வீரம்மா பஸ்ஸில் வந்து இறங்கி, மழையோடு மேட்டை ஏறி, தலைத்துணியைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. காளியாயியைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இந்தப் பொம்பளயத் தெரியுமா? இவ காளியாயியா?"

"இல்லீங்க. இவ அம்மாக்கண்ணு. எம் புள்ள இவ பார்வையிலதான் கான்ல விழுந்து செத்திச்சு."

பதிமூன்று வருஷமாக எந்தச் சொல்லுக்குப் பயந்து அவள் செத்துச் செத்துப் பிழைத்தாளோ, அது ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. அம்மாக்கண்ணு சுருக்குப்பையை அவிழ்த்தாள். பழைய முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். மடிப்பில் இற்றுப்போயிருந்த பற்றுச்சீட்டை மேசையில் வைத்தாள். சிவப்பு வரி மங்கவே இல்லை. "அவங்க சொல்றது நெசந்தாங்க. நான் தூங்கிட்டேன். சேலையத்தான் எண்ணினேன், புள்ளய எண்ணல" என்றாள். அதிகாரி சீட்டைப் படித்தார். பதிவை ரத்துசெய்யும் படிவத்தை எடுத்தார். அதை நிரப்பும் முன், விதிப்படி, கடைசியாக ஒரு ரேகை எடுக்க வேண்டும் என்றார்.

கிளாக்கர் விரலைப் பிடித்து அழுத்தினார். முதல் தடவையிலேயே தழும்பு ரேகை விழுந்தது. நன்றாக விளைந்த ஒரு பெண்ணின் பெருவிரல். கறை ஏறிய வெடிப்புகள், நடுவே குறுக்குத் தழும்பு. மேசையருகில் நின்றிருந்த வீரம்மா குனிந்து பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள்தான், ஆனாலும் அந்தத் தழும்பைப் படிக்க அவளுக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. கோப்பைத் திருப்பச் சொன்னாள். கிளாக்கர் பின்னாலிருந்து முன்னுக்கு ஒவ்வொரு வருஷமாகத் திருப்பினார். விரல் சிறுத்துக்கொண்டே போனது. இருபது வயது, பதினாறு, பன்னிரண்டு, ஒன்பது. வீரம்மா மறுபடி முன்னாலிருந்து திருப்பச் சொன்னாள். பிள்ளை மறுபடி வளர்ந்தது. அவள் அழுதாள், ஆனால் சத்தம் வரவில்லை, தலைத்துணியை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"கொழுந்து எடுக்கிறாளா?" என்று கடைசி ரேகையைக் காட்டிக் கேட்டாள்.

"அம்பத்தொம்பதிலேருந்து" என்றார் கணேசமூர்த்தி.

வீரம்மா அம்மாக்கண்ணுவின் பக்கம் திரும்பினாள். "ஈரக் கம்பளியத் தொட்டில்ல போட்டுட்டுப் போனது நாந்தான்டி. புள்ள எறங்கிக் கெடந்திச்சு, பெரட்டுக்கு நேரமாச்சுன்னு கம்பளியப் போட்டுட்டு ஓடிட்டேன். இத்தன வருசமா ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நீ ஒருத்தி பழியத் தலையில போட்டுக்கிட்டுப் போனது எனக்கு வசதியா இருந்திச்சு."

அதிகாரி பேனாவைத் திறந்தார். வீரம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, இவள வேலைய விட்டுத் தூக்கிட்டா எம் புள்ளய யாருங்க பாத்துக்குவா?"

கிளாக்கர் அதைச் சிங்களத்தில் சொன்னார். கொஞ்சம் திணறித்தான் சொன்னார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரேகையைப் பார்த்தார், சட்டப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பதினேழாவது பிரிவில் ஒரு வழி இருந்தது: முன்குற்றம் உள்ளவரானாலும், பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால், அந்தப் பிள்ளை இன்னமும் அவர் பொறுப்பில் இருக்குமானால், பதிவைத் தொடரலாம். சட்டம் எழுதியவர்கள் எதை நினைத்து அப்படி எழுதினார்களோ, தெரியாது. ரத்துப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் பத்திரம் எழுதினார். பேர்: அம்மாக்கண்ணு. முன்குற்றம்: உண்டு. அதைச் சிவப்பு மையிலேயே எழுதினார், மறைக்கவில்லை. பொறுப்பில் உள்ள பிள்ளைகள் என்ற இடத்தில் கிளாக்கர் முப்பத்தொன்று என்று சொன்னதை, அவர் முப்பத்திரண்டு என்று எழுதினார். பெற்றோர் சம்மதத்துக்கு நேரே வீரம்மா பெருவிரலை வைத்தாள். அவளுக்கு அவளுடைய ரேகைதான் விழுந்தது.

பயம் போய்விட்டதென்று சொன்னால் பொய். அம்மாக்கண்ணு அன்றைக்கும் ஓட்டமாகத்தான் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். முப்பத்தொரு நெற்றியில் விரலை வைத்து எண்ணினாள். பிறகு, அந்தோனிமுத்து பார்த்துக்கொண்டிருக்க, விரலைத் தன் நெற்றியில் வைத்து அழுத்தினாள். "முப்பத்திரண்டு" என்றாள். இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கண்ணில் நீர் வந்தது.

அதன்பிறகு மார்ச் மாதம் ரேகை எடுக்கும் நாளில் வீரம்மா கினிகத்தேனையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவாள் என்பது தோட்டத்தில் வழக்கமாகிவிட்டது. 1965இல் அவள் ஒரு பொட்டலம் அவலும் கொண்டுவந்திருந்தாள். கிளாக்கர் விரலை அழுத்தி எடுத்தார். தழும்பு ரேகை விழுந்தது. அதை ஒட்டி, அதே அழுத்தலில், மொச்சைக் கொட்டை அளவுகூட இல்லாத இன்னொன்றும் விழுந்திருந்தது. பிள்ளைக்காம்பராவில் அந்த மாதம் அவ்வளவு சின்னப் பிள்ளை எதுவும் இல்லை. ஜோர்ஜ் ஐயா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, பிறந்து பத்து நாள் இருக்கும் என்றார்.

"பேரனா பேத்தியான்னு இதுல தெரியாதுங்களா?" என்று கேட்டாள் வீரம்மா.

"இவ்வளவு சின்ன ரேகையில அது தெரியாதும்மா" என்றார் கணேசமூர்த்தி. எண்ணிக்கையைத் திருத்தி எழுதினார், மை காய ஊதினார். அம்மாக்கண்ணு அதற்குள் மேட்டில் பாதி தூரம் போயிருந்தாள். பாயில் கிடந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள், பிறகு தன் நெற்றியில் இரண்டு முறை விரலை வைத்தாள். எண்ணிக்கை சரியாக இருந்தது.